எட்டு வீட்டார் வம்சம் என்றால் சாபமா?

கேள்வி: எங்கள் வீடு பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பூப்பன் என்று கூப்பிடுவோம். ‘நாம எட்டு வீட்டுப் பிள்ளைமார் வம்சம், மகாராஜா கொன்னது போக மிஞ்சினவங்க’ என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் குடும்பக் காவில் (குலதெய்வத் தோப்பில்) பிரசனம் (சோதிடர் பார்த்துச் சொல்லும் குறி) வைத்தோம். ராஜத்துரோகம் செய்த குலம், அந்தத் தோஷம் பெண்பிள்ளைகளைத் தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூத்தவளுக்கு இரண்டு வரன் தட்டிப்போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இளையவள், ‘நாம துரோகிகளாம்மா?’ என்று கேட்கிறாள். இதற்கிடையே ஒருவர் வந்து, பழைய சேர மன்னர் சேரமான் பெருமாள் வரை வம்சாவளி எழுதித் தருகிறேன், பரிகாரமும் அதிலிருந்தே தெரியும் என்று முன்பணம் கேட்கிறார். பரணில் ஒரு பெட்டியில் ஓலைக்கட்டு இருக்கிறது, பூச்சி அரித்திருக்கிறது. அப்பூப்பனின் தங்கை மட்டும் பளுகலில் இருக்கிறார், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நாங்கள் உண்மையில் யார்? சாபம் உண்டா?
— ச. ல., பாறசாலை அருகில்

பதில்: அம்மா, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தை எந்தச் சாபமும் தொடரவில்லை. வரன் தட்டிப்போவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம், அதற்கான காரணத்தை 1730களில் போய்த் தேட வேண்டாம். நீங்கள் எட்டு வீட்டாரின் வாரிசா என்பது வேறு கேள்வி. அதற்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். அந்தப் பதில் எதுவானாலும் உங்கள் பெண்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கும் எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்கும் சண்டைகள் நடந்து ஏறத்தாழ 290 ஆண்டுகள் ஆகின்றன. தலைமுறைக்கு 28, 30 ஆண்டு என்று வைத்தால் பத்துத் தலைமுறை. உங்களைப் பெற்றவர்கள் இருவர், அவர்களைப் பெற்றவர்கள் நால்வர், அதற்கு மேல் எண்மர். இப்படியே ஏறினால் பத்தாம் படியில் 1,024 இடங்கள் இருக்கும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கத்தால் ஒரே ஆள் பல இடங்களில் வருவார். அதைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கானவர்கள் மிஞ்சுவார்கள். நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும், அத்தனை பேரில் மார்த்தாண்ட வர்மாவுக்கு ஒளிய இடம் கொடுத்தவரும் இருக்கலாம், அவரை விரட்டியவரும் இருக்கலாம். அதில் ஒரு முன்னோரின் தோஷம் மட்டும் தேடி வந்து உங்கள் பெண்களைப் பிடிக்கும் என்றால், அது இந்தத் தாலுகாவில் ஒரு வீட்டையும் விட்டுவைக்காது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். எட்டு வீட்டில் பிள்ளைமார் என்பவர்கள் வேணாட்டின் (திருவிதாங்கூரின் பழைய பெயர்) பெரும் நிலப்பிரபுக்கள். பத்மநாபசுவாமி கோயில் நிலங்களின் வசூல் அவர்கள் கையில் இருந்தது, கூப்பிட்டால் வர ஆட்படையும் இருந்தது. கழக்கூட்டம், ராமனாமடம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், மார்த்தாண்டமடம், பள்ளிச்சல், கொளத்தூர் என்று எட்டு வீடுகளை வழக்கமாகச் சொல்வார்கள். இவை வீட்டையும் ஊரையும் ஒட்டிய பெயர்கள், ஆட்களின் பெயர்கள் அல்ல. ஒரு குடமண் பிள்ளை இறந்தால் அந்தத் தறவாட்டில் (தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தில்) அடுத்த காரணவர் (குடும்பத்தின் மூத்த ஆண், நிர்வாகி) குடமண் பிள்ளை ஆவார். ஆகவே ‘குடமண் பிள்ளையின் பேரன்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் குடமண் பிள்ளை என்று கேட்காமல் மேலே நகரவே கூடாது.

இந்தப் பிரபுக்களை அடக்க முடியாமல் ராம வர்மா மகாராஜா 1726இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய், கப்பம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு மதுரை நாயக்கரிடம் படை கேட்டார். 1729இல் அவர் இறந்தார். அடுத்து யார் என்பதில்தான் எல்லாம் வெடித்தது. மகாராஜாவுக்குப் பப்புத் தம்பி, ராமன் தம்பி என்று இரண்டு மகன்கள். ஆனால் வேணாட்டில் அரசுரிமை மகனுக்குப் போகாது. மருமக்கத்தாயம் (தாய்வழி உரிமை, அதாவது தாய்மாமனுக்குப் பின் சகோதரியின் மகன்) என்ற முறைப்படி மருமகனான மார்த்தாண்ட வர்மா அரசரானார். தம்பிமார் அதை ஏற்கவில்லை. பிள்ளைமார் தம்பிமார் பக்கம் நின்றார்கள். பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்குப் போய் முறையிட, அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு வந்து விசாரித்தார் என்றும், இந்த நாட்டு வழக்கப்படி மகனுக்கு உரிமை இல்லை என்று கண்டு திரும்பினார் என்றும் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்குப் பிறகு தம்பிமார் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமார் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன.

கவனியுங்கள் அம்மா. வம்சம் தாய் வழியாகவா, தந்தை வழியாகவா என்ற கேள்விதான் அந்த வாரிசுச் சண்டைக்கு வேர். உங்கள் வீட்டுக் கேள்விக்கும் அதுவே திறவுகோல். உங்கள் அப்பூப்பன் எட்டு வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பழைய முறைப்படி அவர் அவருடைய அம்மாவின் தறவாட்டைச் சேர்ந்தவர். அவருடைய மகன், அதாவது உங்கள் அப்பா, அந்தத் தறவாட்டுக்காரர் அல்ல, உங்கள் அப்பா வழிப் பாட்டியின் தறவாட்டைச் சேர்ந்தவர். நீங்களோ உங்கள் அம்மாவின் தறவாடு. ஆக, அப்பூப்பனிடமிருந்து உங்களிடம் வருவதற்குள் அந்தக் கொடி இரண்டு இடத்தில் அறுந்துவிடுகிறது. அது போயிருந்தால் அவருடைய சகோதரிகளின் பிள்ளைகளுக்கும், அந்தப் பெண்களின் பெண்களுக்கும்தான் போயிருக்கும். பிரசனத்தில் குலதோஷம் என்று சொன்னவர், எந்தக் குலம் என்று இந்த மண்ணின் முறைப்படி எண்ணிப் பார்க்கவில்லை. அவர் நம்பிக்கையையே ஏற்றுக்கொண்டு பார்த்தாலும் உங்கள் மகள்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இது நம் ஊரில் மட்டும் எழுந்த சிக்கல் அல்ல. இங்கிலாந்தில் 1455 முதல் 1485 வரை யார்க், லங்காஸ்டர் என்ற இரு கிளைகள் அரியணைக்காக அடித்துக்கொண்டன. யார்க் கிளையின் பிரபு 1460இல் உரிமை கோரியது, மூன்றாம் எட்வர்ட் அரசரின் பேத்தி ஒருத்தி வழியாக, அதாவது ஒரு பெண்ணின் வழியாக. பெண் வழி உரிமை செல்லுமா என்பதில் பிரபுக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து அழிந்தன. அந்த நாட்டின் 15ஆம் நூற்றாண்டு வரலாற்றைக் குடும்பக் கொடிவழி தெரியாமல் படிக்கவே முடியாது. யார்க் கிளையின் கடைசி அரசரான மூன்றாம் ரிச்சர்ட் 1485இல் போரில் மாண்டார். 2012இல் லெஸ்டர் நகரில் வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது அவர்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை மரபணு (மைட்டோகாண்ட்ரியா மரபணு) இருக்கிறது. ரிச்சர்டின் அக்காவிடமிருந்து பெண், பெண்ணின் பெண் என்று பதிவேடுகளைப் பிடித்துக்கொண்டே வந்து, இன்று உயிரோடிருக்கும் வாரிசுகளைக் கண்டுபிடித்து ஒப்பிட்டார்கள். அது பொருந்தியது. ஆனால் ஆண் வழியில் மட்டுமே வரும் மரபணுவை, அரச வம்சத்தின் ஆண்வழி வாரிசுகள் என்று இன்று இருப்பவர்களோடு ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில், ஏட்டில் எழுதிய தகப்பன் உண்மைத் தகப்பன் அல்ல. தாய்வழியை எண்ணிய நம் தறவாட்டு முறைக்கு இந்த ஆபத்து கிடையாது. பெற்றவள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது அல்லவா?

துரோகக் குடும்பம் என்ற சொல்லுக்கும் அங்கிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், இளையவளிடம் சொல்லுங்கள். வட இங்கிலாந்தில் பெர்சி என்ற குடும்பம். 1403இல் அரசரை எதிர்த்துப் படை திரட்டியபோது மகன் போர்க்களத்தில் விழுந்தார், தகப்பன் மறுபடியும் எதிர்த்து 1408இல் விழுந்தார். அந்நாட்டுச் சட்டம் துரோகியின் இரத்தமே கறைபட்டது என்று சொல்லி, பிள்ளைகளின் சொத்தையும் பட்டத்தையும் பறிக்கும். ஆனாலும் 1416இல் புதிய அரசர் அந்தத் தகப்பனின் பேரனை அழைத்துப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரத்தக் கறை என்ற சட்டத்தையே 1870இல் ஒழித்துவிட்டார்கள். நேரில் வாளெடுத்தவரின் பேரனுக்கே எட்டே ஆண்டில் நீங்கிய பழி, பத்துத் தலைமுறை கழித்து உங்கள் பள்ளிப்பிள்ளையின் தலையில் வந்து உட்கார நியாயமே இல்லை.

பிள்ளைமார் துரோகிகள்தானா என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அவர்கள் தோற்றவர்கள், தோற்றவர்களின் கதையை வென்றவர்களே எழுதினார்கள். சங்குண்ணி மேனோனின் திருவிதாங்கூர் வரலாறு 1878இல்தான் அச்சானது. சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891இல் வந்தது. நம் மக்கள் மனத்தில் இருக்கும் கொடுமைக்காரப் பிள்ளைமார் பெரும்பாலும் அந்த நாவலின் பாத்திரங்கள். கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டில் பாடப்படும் தம்பிமார் கதையோ தம்பிமாருக்காகக் கண்ணீர் விடுகிறது. 1721இல் ஆற்றிங்ஙலில் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதில் பிள்ளைமாருக்குப் பங்குண்டு என்று அன்று குற்றஞ்சாட்டினார்கள். அதே நிகழ்ச்சியை அந்நியருக்கு எதிரான முதல் எழுச்சிகளில் ஒன்று என்று இன்று கேரளத்தில் பெருமையாகப் பேசுகிறார்கள். மார்த்தாண்ட வர்மாவின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றவர், சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றாக்கியவர். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் வேலியிட்டுக் காக்கும் அம்மச்சிப் பிலாவைப் (அவர் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்ததாகச் சொல்லப்படும் பலா மரம்) பார்த்திருப்பீர்கள். நான் சொல்வதெல்லாம் இதுதான்: அரசர், பிரபுக்கள் என்ற இரு தரப்பாருமே அதிகாரத்துக்காகப் போராடினார்கள், அதில் ஒரு தரப்பு வென்றது.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினேன், சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைமார் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் ‘துறையேற்றினார்கள்’, அதாவது கடற்கரையில் மீன்பிடிக்கும் மக்களிடம் ஒப்படைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உங்கள் காவில் இதைத்தான் பெரிய அவமானமாக மெல்லிய குரலில் சொல்லியிருப்பார்கள். இந்தக் கதை உண்மையானால், மருமக்கத்தாய முறைப்படி எட்டு வீட்டின் நேர்வாரிசுகள் இன்று கடலோரக் குடும்பங்களில்தான் இருப்பார்கள், மேட்டு நிலத்தில் பழம்பெருமை பேசும் வீடுகளில் அல்ல. கடலில் உழைத்துப் பிழைக்கும் மக்களோடு இரத்த உறவு இருப்பதில் ஒரு குறைவும் கிடையாது. அதை அவமானம் என்று சொல்பவரின் பேச்சைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது.

‘பிள்ளை’ என்ற பட்டம் ஒரு சான்று ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. அது அரசர் உத்தியோகத்தோடு சேர்த்துக் கொடுத்த பட்டம், பலருக்கும் கிடைத்தது. ஊர்ப்பெயரும் சான்றாகாது. எட்டு வீடுகளில் ஒன்று பள்ளிச்சல். ஆனால் மார்த்தாண்ட வர்மாவுக்காக 1739இல் நாடு முழுவதும் நிலங்களைக் கண்டெழுதத் (அளந்து வரி விதித்துப் பதிய) தொடங்கிய மல்லன் சங்கரனும் பள்ளிச்சல்காரர்தான். ஒரே ஊரில் அரசரின் எதிரியும் இருந்தார், அவருடைய நம்பிக்கைக்குரிய கணக்கரும் இருந்தார்.

சரி, என்ன செய்யலாம்?

வம்சாவளி எழுத முன்பணம் கேட்டவரிடம், ஒவ்வொரு தலைமுறைக்கும் எந்த ஓலை, எந்தப் பத்திரம் ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். சேரமான் பெருமாள் வரை ஏறும் கொடிவழிக்கு அப்படி ஆதாரம் காட்ட எவராலும் முடியாது. பணம் கொடுக்காதீர்கள். எச்சிலை அனுப்பினால் முன்னோரைச் சொல்லும் மரபணுச் சோதனையும் உங்களுக்குப் பயன்படாது. ரிச்சர்டின் விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஏட்டில் உறுதியான ஒரு பெண்வழி இருந்தது. குடமண் வீட்டுக்கோ கழக்கூட்டத்துக்கோ அப்படி ஒப்பிட யாரும் கிடையாது.

உங்களுக்குக் கைகொடுக்கப் போவது பாக ஆதாரம் (குடும்பச் சொத்தைப் பிரித்த பத்திரம்). திருவிதாங்கூரில் நாயர் சட்டம் 1925இல், கொல்லம் ஆண்டு 1100இல் வந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கு அடுத்த ஆண்டு தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு தறவாடுகள் மளமளவென்று ஆளுக்கொரு பங்காகப் பிரிந்தன. ஆளுக்கொரு பங்கு என்பதால் ஒருவர் பெயரையும் விட முடியாது. ஒன்றாம் நம்பர் காரணவர், இரண்டாம் நம்பர் அவர் சகோதரி, மூன்று முதல் ஏழு வரை அந்தச் சகோதரியின் பிள்ளைகள், அதில் மைனர் யார், அவருக்குக் காப்பாளர் யார் என்று வயதோடும் உறவோடும் எழுதியிருக்கும். அப்படி ஒரு பத்திரம் கிடைத்தால் மூன்று, நான்கு தலைமுறைப் பெண்வழி ஒரே இடத்தில் கைக்கு வந்துவிடும். உங்கள் வீட்டு ஆதாரத்தில் முன்னாதாரம் (முந்தைய பத்திரம்) என்று குறித்திருக்கும் எண்ணையும் ஆண்டையும் எடுத்துக்கொண்டு, அது பதிவான சப்ரிஜிஸ்டர் ஆபீசில் நகல் கேளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே பளுகல் பக்கத்துச் சொத்தின் பத்திரத்தைத் தமிழ்நாட்டு அலுவலகத்தில்தான் தேட வேண்டும். அங்கும் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும், திகைக்க வேண்டாம்.

கொல்லம் ஆண்டைப் பொது ஆண்டாக்க 825 கூட்ட வேண்டும். சிங்ஙம் (ஆவணி) தொடங்கி டிசம்பர் முடியும்வரை உள்ள தேதியானால் 824 போதும். கொல்லம் 925 மகரம் என்று ஓலையில் இருந்தால் அது 1750 ஜனவரி, மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபருக்குத் திருப்படித்தானம் செய்த மாதம்.

ஓலைக்கட்டை நீங்களே பிரிக்காதீர்கள். வெயிலில் காயவைப்பது, தேங்காயெண்ணெய் தடவுவது, லேமினேட் செய்வது மூன்றும் கூடாது. பழைய ஓலை விறைத்திருக்கும், வளைத்தால் துளையருகே ஒடியும், ஒடிந்த துண்டில் இருக்கும் அரை வரிதான் பெரும்பாலும் நமக்கு வேண்டிய பெயராக இருக்கும். கட்டைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். மேலோலையையும் அடியோலையையும் மட்டும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுங்கள். கீறல் எழுத்து அப்போதுதான் தெரியும். எழுத்து தமிழா, மலையாண்மையா, வட்டெழுத்தா என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிறகு காரியவட்டத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் காட்டுங்கள், சுவடியைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மதிலகம் சுருணைகள் (கோயில், அரண்மனைக் கணக்குகள் எழுதிய ஓலைச் சுருள்கள்) போன்ற அரசு ஓலைகளைத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தார் பாதுகாக்கிறார்கள். கோட்டைப் பகுதியில் 2022இல் ஓலைச்சுவடிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். விடுமுறையில் இளையவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம் வீட்டுப் பரண்களில் கிடைக்கும் கட்டுகளில் நிலக் கணக்கு, ஒற்றி, வைத்தியம், சோதிடம் இவைதான் அதிகம். வம்சாவளி இருந்தால் அதிர்ஷ்டம். ஒற்றியோலையில்கூட யாருடைய அனந்திரவன் (தறவாட்டின் இளைய ஆண்) யார் என்று ஒரு வரி இருக்கும், அது போதும் நமக்கு.

இதற்கெல்லாம் முந்திச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அப்பூப்பனின் தறவாட்டை அறிய உங்களுக்கிருக்கும் நேர்வழி, பளுகலில் இருக்கும் அவருடைய தங்கைதான். அவரும் அப்பூப்பனும் ஒரே அம்மாவின் பிள்ளைகள். எட்டு வீட்டுப் பேச்சை எடுத்த எடுப்பிலேயே ஆரம்பிக்காதீர்கள், கேட்டுப் பழகிய கதையைத்தான் திருப்பிச் சொல்வார். அவருடைய அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் காவுக்கு ஆண்டுதோறும் போனார்கள், சாவு விழுந்தால் புலை (தீட்டு) எந்தெந்த வீடுகளுக்கு உண்டு என்று கேளுங்கள். புலை காக்கும் வீடுகள்தான் ஒரே தறவாட்டின் கிளைகள், இதில் யாரும் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போங்கள். போனில் பதிவு செய்வதோடு இளையவளை ஒரு நோட்டில் எழுதவும் சொல்லுங்கள். அதன் நகலையும் ஓலைப் படங்களையும் எனக்கு அனுப்பினால், அடுத்து எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டுப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.